இருளில் ஒளிரும் பெயின்ட்: பன்வில மலைச்சரிவில் அதன் பயனும் எல்லையும்

கண்டி நகரிலிருந்து வத்தேகம வழியாக மேலேறிச் செல்லும் வீதி சென்றடையும் பன்விலவும், அதனைச் சூழ்ந்த மடுல்கலை, ஹுலுகங்கை முதலிய இடங்களும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ளன. இங்குள்ள வீடுகளில் பல வீதியை ஒட்டியவை அல்ல; பஸ்ஸை விட்டு இறங்கியவர் கல்லாலோ சீமெந்தாலோ கட்டப்பட்ட படிகளில் ஏறியோ, தேயிலைச் செடிகளுக்கு இடையிலான குறுக்குப் பாதையில் நடந்தோதான் வீட்டின் இஸ்தோப்பை அடைய வேண்டியிருக்கிறது. புவிமையக் கோட்டுக்கு அண்மையிலுள்ள நாடாகையால் ஆண்டு முழுவதும் மாலை ஐந்தே முக்கால் மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் பொழுது சாய்கிறது, அந்தி நீடிக்காமல் இருள் விரைவில் கவிகிறது; மழையும் பனிமூட்டமும் சேரும் மாதங்களில் அடுத்த படி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகிறது. பகலில் ஒளியை உள்வாங்கி இரவில் தானே ஒளிரும் பெயின்ட்டை வீட்டின் வெளிச்சுவர் முழுவதும் பூசினால் என்ன என்ற கேள்வியை, இத்தகைய ஊரில் வெறும் அலங்கார ஆசை என்று தள்ளிவிட முடியாது. வேறொரு காரணமும் உண்டு. லயன் அறைகளுக்குத் தோட்ட நிர்வாகம் பூசிய சுண்ணாம்பே சுவரின் நிறமாக இருந்த காலம் மாறி, பெருந்தோட்டங்களில் இந்திய அரசின் உதவியுடன் தொடங்கிய 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் உள்ளிட்ட திட்டங்களின் வழியே, 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்ற குடும்பங்கள் தம் சுவருக்கு எதைப் பூசுவது என்பதைத் தாமே முடிவு செய்யத் தொடங்கியிருக்கின்றன.

இரவில் தெரிவதற்காக விற்கப்படும் பூச்சுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வீதிப் பலகைகளிலும் வாகனங்களின் பின்புறத்திலும் ஒட்டப்படும் பட்டைகள் தம்மிடம் ஒளி எதையும் சேமித்து வைப்பதில்லை. அவற்றில் பதிக்கப்பட்ட நுண்ணிய கண்ணாடி மணிகள், விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், டோர்ச் பிடித்தவருக்கும் வாகனம் ஓட்டுபவருக்கும் மட்டும் அவை பளிச்சிடுகின்றன. கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் இளஞ்சிவப்பிலும் வரும் உடனொளிர் பூச்சுகள், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வாங்கி நிறமாக வெளியிட்டாலும், ஒளி நின்ற கணத்திலேயே தாமும் நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை பேசுவது மூன்றாவது வகையான பின்னொளிர் பூச்சைப் பற்றியது. ஒளிமூலம் மறைந்த பின்னரும் மணிக்கணக்கில் ஒளிர்வதே அதன் இயல்பு.

அந்த இயல்பு தோன்றும் விதத்தைச் சுருக்கமாக இவ்வாறு விளக்கலாம். பூச்சில் கலந்துள்ள படிகத் தூளின்மீது சூரிய ஒளியின் நீல, ஊதா, புறஊதாப் பகுதிகள் விழும்போது, படிகத்தில் உள்ள சில அணுக்களின் இலத்திரன்கள் ஆற்றல் பெற்று உயர்ந்த நிலைக்குச் செல்கின்றன. சாதாரணப் பொருளில் அவை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இத்தூளிலோ, படிகத்துள் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட வேற்று அணுக்கள் உண்டாக்கும் பொறிகளில் அவை சிக்கிக்கொள்கின்றன. சுற்றுப்புறத்தின் வெப்பம் அவற்றைச் சிறிது சிறிதாக விடுவிக்க, விடுபட்ட ஒவ்வொன்றும் தன் ஆற்றலை ஒளியாக வெளியிட்டுத் தணிகிறது. பொறியின் ஆழம் குறைவாக இருந்தால் சேமிப்பு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிக ஆழமாக இருந்தால் சாதாரண வெப்பநிலையில் இலத்திரன் வெளியே வராது. இவ்விரண்டுக்கும் நடுவிலான சரியான ஆழத்தைத் தேடியதே இத்துறையின் நீண்ட வரலாறு.

அவ்வரலாறு இத்தாலியின் பொலோன்யா நகரில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில், செருப்புத் தைப்பவரும் இரசவாதத்தில் ஈடுபாடு உடையவருமான வின்சென்சோ காசியரோலோ என்பவர், அருகிலுள்ள மலையில் கிடைத்த கனமான கல்லைக் கரியுடன் சுட்டபோது, அது வெயிலில் வைத்தெடுத்த பின் இருளில் ஒளிர்வதைக் கண்டார். கல்லிலிருந்த பேரியம் சல்பேற்று சூளையில் பேரியம் சல்பைட்டாக மாறியிருந்ததே காரணம் என்பது பின்னாளில் விளங்கியது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1877இல் இங்கிலாந்தின் வேதியியலாளர் வில்லியம் பால்மேன் கல்சியம் சல்பைட்டை அடிப்படையாகக் கொண்ட ஒளிர்பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் சல்பைட்டுகள் ஈரத்தில் சிதைவன. அவற்றின் ஒளியும் இரவு முழுவதும் தாங்கவில்லை. பின்னர் பரவிய, செப்பு சேர்த்த நாக சல்பைட்டும் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெரிதும் மங்கிவிடும் பொருளே.

இடையில் வேறொரு வழி முயலப்பட்டது. நாக சல்பைட்டுடன் கதிரியக்க ரேடியத்தைக் கலந்தால், வெளியொளியே தேவைப்படாமல் பூச்சு இரவும் பகலும் ஒளிர்ந்தது. முதலாம் உலகப் போரின் காலத்திலும் அதன் பின்னரும் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலும் பிற இடங்களிலும் கடிகார முகங்களில் இதனைத் தீட்டிய இளம் பெண்கள், தூரிகையின் முனையைக் கூராக்க அதனை உதட்டில் வைக்குமாறு பழக்கப்பட்டதால், உடலுக்குள் சென்ற ரேடியம் எலும்புகளில் தங்கியது. தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டுடன் முடிந்தது, தொழிலிடப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றிலும் அது நிலைத்த இடம் பெற்றது. இப்போது வீட்டுக்கு விற்கப்படும் பின்னொளிர் தூள்களில் ரேடியமோ வேறு கதிரியக்கப் பொருளோ சேர்க்கப்படுவதில்லை. ஒளிர்கிறதே என்பதற்காகக் குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தூளாகக் கையாளும்போது மூக்குக்குள் போகாதபடி முகக்கவசம் அணிவது போதுமானது.

இன்றைய பூச்சு 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தில் பிறந்தது. ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று என்னும் படிகத்தில் யூரோப்பியம், டிஸ்புரோசியம் ஆகிய இரு அருமண் தனிமங்களைச் சிறிதளவு சேர்த்தபோது, யூரோப்பியம் ஒளியை வெளியிடும் மையமாகவும் டிஸ்புரோசியம் பொறிகளை ஆழப்படுத்தும் துணையாகவும் அமைய, பழைய நாக சல்பைட்டைவிடப் பத்து மடங்கு பிரகாசமும் பத்து மடங்கு நீடிப்பும் கிடைத்தன. அதன் ஒளி 520 நனோமீற்றரை ஒட்டிய பச்சை. இருளுக்குப் பழகிய மனிதக் கண் மிக எளிதில் உணரும் நிறம் 507 நனோமீற்றரை ஒட்டியதாகையால், இந்தப் பச்சை கண்ணுக்கு நன்கு பொருந்தி அமைந்தது. சிவப்பு, செம்மஞ்சள் முதலிய நிறங்களில் வரும் பூச்சுகள் இதற்கு இணையாக நீடிப்பதில்லை.

இனி வெளிச்சுவருக்கு வருவோம். விளம்பரங்கள் பெரும்பாலும் எத்தனை மணி நேரம் ஒளிரும் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு ஒளிரும் என்று சொல்வதில்லை. ஒளியின் செறிவை அளக்கும் அலகு கண்டெலா. ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் ஏறத்தாழ 1 கண்டெலா. தரமான பின்னொளிர் பரப்பு, நன்கு ஒளியூட்டப்பட்டு இருளில் விடப்பட்ட பத்தாவது நிமிடத்தில் சதுர மீற்றருக்கு 140 மில்லிகண்டெலாவும், ஒரு மணி நேரம் கழித்து 20 மில்லிகண்டெலாவும் அளவில் ஒளிரும். மில்லிகண்டெலா என்பது கண்டெலாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 30 சதுர மீற்றர் பரப்புள்ள முன்சுவர் முழுவதையும் இதனால் பூசினாலும், இரவு ஏழரை மணியளவில் அச்சுவர் முழுவதும் சேர்ந்து முற்றத்தை நோக்கித் தரும் ஒளி 0.6 கண்டெலா, அதாவது ஒரு மெழுகுவர்த்திக்கும் குறைவு. அதன் பின்னர் நேரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். விடியும்வரை சுவர் மங்கலாகத் தெரியும் என்பது உண்மை. அந்த ஒளியில் வேறு எதையேனும் பார்க்க முடியும் என்பது உண்மையல்ல.

இதனுடன் ஒப்பிடத்தக்க மற்றொரு கணக்கும் உண்டு. முழுநிலவின் ஒளி நேராக விழும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின் பிரகாசம் சதுர மீற்றருக்கு 50 மில்லிகண்டெலாவை ஒட்டியது. பழைய லயன்களின் வெள்ளைச் சுவர் நிலவு நாளில் தூரத்திலிருந்தே துலங்குவதற்கு இதுவே காரணம். விலையுயர்ந்த ஒளிர்பூச்சு, இருண்ட முதல் அரை மணி நேரத்துக்கு மேல் அதனை வெல்வதில்லை. 1939இல் போர்க்கால இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபோது பிரித்தானியாவில் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களின் அடிப்பகுதிகளுக்கும் வெள்ளை பூசப்பட்டதும், எங்கிருந்தோ கசியும் சிறு ஒளியைக்கூட வெள்ளை நிறம் திருப்பித் தரும் என்பதை நம்பியே. மலையகத்தில் இன்றும் மிகக் குறைந்த செலவில் செய்யத்தக்க இந்த வேலையை, புதுமையின் பெயரால் மறப்பது பெரும் இழப்பாகும்.

செலவைப் பற்றி மலேசியாவில் அண்மையில் கிடைத்த அனுபவம், இலங்கையைப் போன்றே வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டின் அனுபவமாகையால், இங்கு விரிவாகக் கருதத்தக்கது. சிலாங்கூர் மாநிலத்தின் ஹுலு லங்காட் மாவட்டத்தில், செமினிக்கு அருகே 245 மீற்றர் நீளமுள்ள வீதியில் 2023இன் பிற்பகுதியில் இருளில் ஒளிரும் கோடுகள் இடப்பட்டன. வீதி விளக்கு இல்லாத இடத்தில் பச்சைக் கோடுகள் தெரிவதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஏனைய இடங்களுக்கும் அது விரியும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் சாதாரண வீதிப் பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு 40 ரிங்கிட் செலவாகும் இடத்தில் இதற்கு 749 ரிங்கிட் ஆனது; நிபுணர்களின் சோதனைகளும் நிறைவளிக்கவில்லை என்று கூறி, 2024 நவம்பரில் பொதுப்பணி அமைச்சு திட்டத்தைக் கைவிட்டது. வீதிக் கோட்டின் விலை சுவர்ப் பூச்சுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், இரண்டிலும் விலையை உயர்த்துவது ஒளிர்தூளே. அதற்கு வேண்டிய அருமண் தனிமங்களின் உற்பத்தி பெரும்பாலும் சீனாவின் கையில் உள்ளது. டிஸ்புரோசியத்தின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் அந்நாடு கட்டுப்பாடு விதித்ததும் விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு உதவுவதாக இல்லை.

விலையைவிடப் பெரிய இடர் ஈரம். ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று நீருடன் சேர்ந்தால் மெல்லச் சிதைந்து ஐதரொட்சைட்டுகளாக மாறி, ஒளிரும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நெதர்லாந்தின் ஓஸ் நகருக்கு அருகே 2014 ஏப்ரலில் ஒரு வீதியின் சுமார் 500 மீற்றர் நீளத்தில் ஒளிரும் கோடுகள் இடப்பட்டபோது, சில வாரங்களிலேயே ஈரத்தால் அவை மங்கத் தொடங்கின. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நக்கிள்ஸ் சரிவுகளில் இவ்விடர் இன்னும் கடுமையாகும். ஒவ்வொரு தூள்மணிக்கும் சிலிக்கா போன்ற நீர்புகாத உறையிட்டுத் தயாரிக்கப்படும் வகைகள் உள்ளன. வெளிச்சுவருக்கும் நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சுக்கும் அவ்வகையே ஏற்றது. ஆனால் உறையிட்ட தூளாலும் பாசியைத் தடுக்க முடியாது. பன்விலப் பகுதியில் வெயில் குறைவாகப் படும் சுவர்களில் மழைக்காலம் முடிவதற்குள் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்வதை எவரும் காணலாம். அப்படலம் பகலில் உள்ளே செல்ல வேண்டிய ஒளியையும் இரவில் வெளியே வர வேண்டிய ஒளியையும் ஒருசேர மறைக்கிறது. மேகமூட்டத்தைப் பற்றிய கவலை மட்டும் தேவையற்றது: மூடிய வானத்தின் பகலொளிகூட அரை மணி நேரத்துக்குள் தூளை நிறைத்துவிடப் போதும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், பன்விலவில் வெளிச்சுவர் முழுவதற்கும் இப்பூச்சைப் பரிந்துரைக்க இடமில்லை. பூச்சு பயனற்றது என்பது இதன் பொருளன்று. அதற்குரிய இடம் சுவர் அல்ல, விளிம்பு. இருளில் நடப்பவருக்கு வேண்டியது பரந்த ஒளிப்பரப்பன்று. படி எங்கே முடிகிறது, திருப்பம் எங்கே, கதவு எங்கே என்பதைக் காட்டும் கோடுதான். இதற்கு மிக வலுவான சான்று நியூயோர்க்கில் கிடைத்தது. உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது படிக்கட்டுகள் இருளில் மூழ்கியதால், அதன் பின்னர் அவற்றின் படிகளிலும் கைப்பிடிகளிலும் பின்னொளிர் பூச்சு இடப்பட்டது. 2001 செப்டெம்பர் 11 அன்று தப்பி இறங்கியோருக்கு அக்கோடுகள் உதவின என்று பலர் பின்னர் சான்று கூறினர். 2004இல் அந்நகரம் இயற்றிய 26ஆம் உள்ளூர்ச் சட்டம், உயரமான அலுவலகக் கட்டடங்கள் அனைத்திலும் இத்தகைய கோடுகளைக் கட்டாயமாக்கியது.

அச்சான்றில் இலங்கை வீட்டுக்குரிய ஒரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. மின்விளக்கின் அருகிலுள்ள ஒளிர்கோடு, விளக்கு எரியும் வரை தொடர்ந்து ஒளியூட்டப்பட்டுக்கொண்டே இருப்பதால், மின்சாரம் நின்ற கணத்தில் அது தன் உச்சப் பிரகாசத்திலிருந்து தொடங்குகிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைச் சந்தித்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது மலையகத்துக்குப் புதிதன்று. ஆகவே இஸ்தோப்பின் மின்குமிழுக்குக் கீழே, கூரையின் நீட்டம் மழையைத் தடுக்கும் இடத்தில், கதவு நிலையைச் சுற்றியும் வாசற்படியின் விளிம்பிலும் இடப்படும் கோடு, திறந்த வெளியிலுள்ள முழுச் சுவரைவிடப் பன்மடங்கு பயன்தரும். அம்மின்குமிழ் வெள்ளை எல்ஈடி வகையாக இருப்பது நல்லது. நீல ஒளி குறைந்த பழைய மஞ்சள் குமிழ் தூளுக்கு அவ்வளவாக ஒளியூட்டுவதில்லை.

பூசும் முறையிலும் சில விதிகள் உண்டு. அடியில் தூய வெள்ளைப் பூச்சு இருக்க வேண்டும். கரும்பரப்பின் மீது இட்டால் பின்னோக்கிச் செல்லும் ஒளி முழுவதும் வீணாகும். ஒளிர்தூளைச் சாதாரண வெள்ளைப் பெயின்ட்டில் கலப்பது பலர் செய்யும் தவறு: அதிலுள்ள டைட்டானியம் ஒட்சைட்டு தூளுக்குச் சேர வேண்டிய புறஊதாக் கதிரை விழுங்கி, வெளிவரும் ஒளியையும் மறைத்துவிடும். நிறமற்ற பிணைப்பில் மட்டுமே தூளைக் கலக்க வேண்டும். தூள்மணி பெரிதாக இருந்தால் ஒளி கூடும். அதனாலேயே அது வாளியின் அடியில் விரைவில் படியும், எனவே பூசி முடிக்கும்வரை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் துடுப்பாலோ கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புக் கரண்டி ஆகாது. கடினமான மணிகள் இரும்பைத் தேய்த்துப் பூச்சைச் சாம்பல் நிறமாக்கிவிடும். மெல்லிய ஒரு பூச்சு போதாது. இரண்டு மூன்று முறை தடிப்பாக இட்டு, காய்ந்த பின் நீர்புகாத நிறமற்ற மேற்பூச்சால் மூட வேண்டும்.

படிகளில் இடும்போது கோடு படியின் மேற்பரப்பின் முன்விளிம்பில் அமைய வேண்டும். நிற்கும் முகத்தில் மட்டும் இட்டால் ஏறுபவருக்கு அது தெரியும், தவறி விழும் ஆபத்து கூடுதலாக உள்ள இறங்குபவருக்குத் தெரியாது. காலடியில் தேயாதிருக்க, சீமெந்து ஈரமாக இருக்கும்போதே விளிம்பில் ஆழமற்ற பள்ளம் விட்டு அதனுள் நிரப்புவது சிறந்தது. மழையில் வழுக்காதபடி மேற்பூச்சில் சிறிது மணல் தூவுவதும் அவசியம். கோட்டை உற்றுப் பார்ப்பதைவிட அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையைச் செலுத்தினால் அது தெளிவாகத் தெரியும் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நல்லது. விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கிய ஒளியை உணரும் கோல் கலங்கள் இல்லாததே அதற்குக் காரணம்.

காட்டை நோக்கிய பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள நக்கிள்ஸ் வனத்தின் ஓரத்தில், இரவின் இருளையே நம்பி வாழும் உயிர்கள் பல. மின்மினிகள் தம் துணையைத் தேடுவதும் இதே பச்சை, மஞ்சள் ஒளியின் வழியாகவே. ஒளிர்கோடு மின்விளக்கைவிட மிக மங்கியது என்பதால் தீங்கும் குறைவு. ஆயினும் காட்டுப்பக்கச் சுவர்களை இருளுக்கே விட்டுவிடுவது பொருத்தம்.

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் தனி வீட்டுக்கு வெளியே உள்ளது. மண்சரிவு அபாயம் உள்ள பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது; சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியேற வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் கண்டி மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்து உயிர்கள் பலியானபோது, மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேரத் துண்டிக்கப்பட்ட இருளில் மக்கள் வெளியேற நேர்ந்தது. முதியவர்களும் குழந்தைகளும் இறங்க வேண்டிய லயன் படிகள் எவருடைய தனிச் சொத்தும் அல்லாததால் எவரும் பூசுவதில்லை. பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் பொதுப் படிகளிலும் திருப்பங்களிலும் விரலிரண்டு அகலத்தில் ஒரு கோடு இடுவதற்கு, ஒரு வீட்டின் முன்சுவருக்கு வேண்டிய பூச்சில் சிறு பங்கே போதும். தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் தோட்டத்து இளைஞர்களும் சேர்ந்தால் ஒரு நாளில் முடியக்கூடிய வேலை அது. மழை தொடங்குமுன் அக்கோடுகளின் மீதுள்ள பாசியைத் தேய்த்துக் கழுவுவதும், முற்றாக இருண்ட ஓர் இரவில் மேலிருந்து கீழ்வரை இறங்கிப் பார்த்து மங்கிய இடங்களைக் குறித்துக்கொள்வதும், தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் நாட்களிலேயே அவ்விடங்களுக்கு மறுபூச்சு இடுவதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்பாகும்.